கையெழுத்து யாரோடது? கிராமத்துக்குக் குடி வர்றவங்க தலைவர்கிட்ட போறதா, ஆபீசர்கிட்ட போறதா

போன வருஷம், அதாவது 2025 மார்ச்ல, அம்பத்தூர் வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு ஈரோடு மாவட்டத்துல ஒரு கிராமத்துக்கு வந்துட்டோம். பழைய ஓட்டு வீடு ஒண்ணு, கொஞ்சம் காலி இடத்தோட ரீசேல்ல வாங்கினது. எனக்கு ஆக வேண்டியிருந்தது நாலே நாலு வேலைதான், ஆதார்ல அட்ரஸ் மாத்தணும், வீட்டு வரி பேர் மாத்தணும், பட்டா மாத்தணும், பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று. இந்த நாலுக்கும் மூணு மாசம் அலைஞ்சேன். யாரும் வேணும்னு அலைய விடல, லஞ்சம்கூட ஒருத்தரும் கேக்கல, தப்பு முழுக்க என்னோடதுதான். எந்தக் கையெழுத்து யார் போடணும்னே தெரியாம தப்பான வாசல்ல போய் நின்னுட்டிருந்தேன். நீங்க அப்படி நிக்க வேண்டாம்னுதான் எழுதறேன்.

1. முதல்ல உங்க இடம் எதுல வருதுன்னு பாருங்க

கிராம ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா? "எங்க ஊர் பஞ்சாயத்துங்க"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் பேரூராட்சியில இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. வித்தவரோட பழைய வீட்டு வரி ரசீதைப் பாருங்க, மேல அச்சடிச்சிருக்கும். பத்திரத்துலயும் இருக்கும்.

இதை ஏன் முதல்ல வெக்கிறேன்னா கிராம ஊராட்சியில ஓட்டு வாங்கி ஜெயிச்ச தலைவரே நிர்வாக அதிகாரியும்கூட, 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அப்படித்தான் வெச்சிருக்கு. அவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஊராட்சி செக்கே பாஸ் ஆகும். பேரூராட்சிக்குப் போனா கதை மாறிடும், அங்க தலைவர் இருப்பார், கூட்டம் நடத்துவார், தீர்மானம் போடுவார், ஆனா உத்தரவுல கையெழுத்து செயல் அலுவலரோடது. நகராட்சி, மாநகராட்சின்னா கமிஷனரோடது. மேயர் சங்கிலி போட்டுட்டு முன்னாடி உக்காந்திருப்பார், உங்க ஃபைல்ல கையெழுத்து பக்கத்து ரூம்ல இருக்கு.

அதனால சென்னையில இருந்து வர்றவங்களுக்கு ஒரு பழக்கதோஷம் இருக்கும், கவுன்சிலர்னா சும்மா சிபாரிசுக்குத்தான்னு. கிராமத்துத் தலைவரை அப்படி நினைச்சுடாதீங்க, அவருக்குச் சட்டப்படி நிஜமாவே அதிகாரம் இருக்கு. அதே நேரம் அவருக்கு எல்லாத்துக்கும் அதிகாரம் இருக்குன்னும் நினைச்சுடாதீங்க, நான் கவுந்தது அங்கதான்.

2. ரெண்டு வகை ஆளுங்க, ரெண்டு வகை அதிகாரம்

தேர்ந்தெடுக்கப்பட்டவங்க: வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. இவங்க அதிகாரம் ஓட்டுல வந்தது, அஞ்சு வருஷம்னு கெடு போட்டது. கெடு முடிஞ்ச அடுத்த நாள் அவர் உங்களையும் என்னையும் மாதிரிதான். நடுவுல மேலதிகாரி நினைச்சா டிரான்ஸ்ஃபர் பண்ண முடியாது, சஸ்பெண்ட் லெட்டர் நீட்ட முடியாது. ஊராட்சித் தலைவரை நீக்கணும்னா 1994 ஊராட்சிகள் சட்டத்தோட 205-ஆவது பிரிவுல சொன்ன மாதிரி கலெக்டர் நோட்டீஸ் குடுத்து, தாசில்தார் கூட்டம் கூட்டி மெம்பர்ங்க கருத்தைக் கேட்டுன்னு ஒரு நீள வழி இருக்கு.

நியமிக்கப்பட்டவங்க: வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), ஊராட்சி செயலர், கலெக்டர். இவங்க அதிகாரம் ஆளோடது கிடையாது, நாற்காலியோடது. இன்னிக்கு இவர், நாளைக்கு வேற ஊர்ல இருந்து ஒருத்தர், சீல் அதேதான். டிரான்ஸ்ஃபர் உண்டு, மெமோ உண்டு, 17(ஏ) 17(பி)-னு ஆபீஸ்ல பேசிக்குவாங்களே, ஒழுங்கு நடவடிக்கை விதிங்க, அதெல்லாம் இவங்களுக்குத்தான். ஆனா விசாரிக்காம சும்மா டிஸ்மிஸ் பண்ணவும் முடியாது, அதுக்கு அரசியலமைப்புல 311-ஆவது பிரிவு பாதுகாப்பு குடுக்குது. ஒருத்தரே ரெண்டு பக்கமும் இருக்கவும் முடியாது, அரசு ஊழியர் எலெக்ஷன்ல நிக்கணும்னா வேலையை விட்டுட்டுத்தான் நிக்கணும்.

லஞ்சம்னு வந்தா மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு ஆபீசரும் பொது ஊழியர், ஜெயிச்சவரும் பொது ஊழியர், "நான் மக்கள் பிரதிநிதி"ன்னு தப்பிக்க வழி இல்ல.

ஒரு முக்கியமான விஷயம், எனக்கு இது ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உறைச்சுது. வி.ஏ.ஓ. ஊராட்சி ஆள் கிடையாது. அவர் வருவாய்த்துறை, டி.என்.பி.எஸ்.சி. எழுதி வந்தவர். ஊராட்சி செயலர் ஊரக வளர்ச்சித்துறைப் பக்கம். ரெண்டு ஆபீசும் ஒரே ஆலமரத்தடியில எதிரெதிர்ல இருக்கும், ரெண்டு பேரும் ஒரே பேக்கரியில டீ குடிப்பாங்க, ஆனா ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் தொட முடியாது. தலைவர் வி.ஏ.ஓ.வுக்கு மேலதிகாரியும் இல்ல. "தலைவர்கிட்ட சொன்னா வி.ஏ.ஓ. செஞ்சு குடுத்துடுவார்"னு ஊர்ல பத்துப் பேர் சொல்லுவாங்க, ஒரு போன் போட்டு அறிமுகம் வேணா பண்ணி வெப்பார், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

3. எந்த வேலை எந்த வாசல்ல

பட்டா, சிட்டா, அளவை, உட்பிரிவு (ஒரு சர்வே நம்பரைப் பிரிக்கறது) எல்லாம் வருவாய்த்துறை. ஆன்லைன்லயோ இ-சேவை மையத்துலயோ போட்டா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சர்வேயர், தாசில்தார்னு போகும். ஊராட்சிக்கு இதுல சம்பந்தமே இல்ல. நான் பட்டாவுக்கு தலைவர்கிட்ட லெட்டர் வாங்கிட்டுப் போனேன், வி.ஏ.ஓ. அதை மரியாதையா மடிச்சு என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார்.

சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு இந்தச் சான்றுகளும் வருவாய்த்துறைதான், இ-சேவையில 60 ரூபா. தலைவர் லெட்டர்பேட்ல "இவர் வருமானம் இவ்வளவு"ன்னு எழுதிக் குடுத்தா அது ஒரு காகிதம், அவ்வளவுதான். எம்.எல்.ஏ. குடுத்தாலும் அப்படித்தான்.

வீட்டுல நடந்த இறப்பு, பிறப்பைக் கிராமத்துல பதிவு பண்றது வி.ஏ.ஓ. 21 நாளுக்குள்ள போயிடுங்க, செலவு இல்ல. ஒரு வருஷம் தாண்டிட்டா ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வரைக்கும் இழுக்கும். இதுக்கும் நிறையப் பேர் ஊராட்சி ஆபீஸுக்குத்தான் போறாங்க.

வீட்டு வரி, குடிதண்ணி கனெக்ஷன், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை இதெல்லாம் ஊராட்சி. வரி பேர் மாத்தறது ஊராட்சி செயலர் கையிலதான் ஆரம்பிக்கும். அவரைப் பகைச்சுக்காதீங்க, தலைவர் யாரா வந்தாலும் பழைய ரெஜிஸ்டர் எந்த பீரோவுல இருக்குன்னு தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்.

வீடு கட்டப் பர்மிஷன்: 2024 ஜூலையில சுயசான்று முறைன்னு கொண்டு வந்தாங்க, 2,500 சதுர அடி வரைக்கும் மனை, அதுல 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும், இதுக்குள்ள இருந்தா ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், தலைவரும் வேணாம் ஆபீசரும் வேணாம். ஆனா மனை அங்கீகாரம் இருக்கணும், பொய் சொல்லிப் போட்டா பின்னாடி தலைவலி உங்களுக்குத்தான்.

ரோடு, பாலம், சமுதாயக்கூடம் மாதிரி பெரிய வேலைக்கு எம்.எல்.ஏ. ஆபீஸ் போங்க, அவருக்கு வருஷத்துக்கு 3 கோடி தொகுதி நிதி இருக்கு. அந்த நிதிக்குக்கூட அவர் பரிந்துரை பண்ணுவார், எஸ்டிமேட் போட்டு டெண்டர் விட்டு வேலை நடத்தறது ஆபீசருங்க.

4. தலைவர் இப்ப பதவியில இருக்காரான்னு செக் பண்ணுங்க

சிரிக்காதீங்க. நான் விழுந்த பெரிய குழி இதுதான்.

2019 டிசம்பர்ல எலெக்ஷன் நடந்த மாவட்டங்கள்ல, இப்போதைய கணக்குக்கு 28 மாவட்டம், ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு போச்சு. மீதி 9 மாவட்டத்துக்கு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி, 2021 அக்டோபர்ல தேர்தல் நடந்துச்சு, அவங்க கணக்கு 2026 அக்டோபர். ஈரோடு முதல் லிஸ்ட். நான் வந்தது மார்ச். ஆனா ஊர் மொத்தமும் அவரை "தலைவரே"ன்னுதான் கூப்பிடுது, வீட்டு வாசல்ல போர்டு இருக்கு, வண்டியில எழுத்து இருக்கு, அவரும் பாவம் நல்ல மனுஷன், நான் கேட்டதும் லெட்டர்பேட் எடுத்து எழுதி சீல் குத்திக் குடுத்துட்டார். மாஜின்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஆதார் சென்டர்ல இருந்த பையன் பக்கத்து ஊர்க்காரன், லெட்டரைப் பார்த்துட்டு தேதியைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தான். "அண்ணா, இவரு காலம் ஜனவரியோட முடிஞ்சுதுங்கண்ணா, இந்த சீல் செல்லாது"ன்னான். அஞ்சு மணி நேரம் டோக்கன் போட்டுக் காத்திருந்த நாள் அது.

அப்ப யார் கையெழுத்துப் போடுவாங்கன்னா, தலைவரோட அதிகாரம் எல்லாம் தனி அலுவலர்னு ஒருத்தர்கிட்ட போயிடுச்சு, கிராம ஊராட்சிக்கு அது பி.டி.ஓ. ஓட்டு வாங்கினவர் நாற்காலியில நியமன ஆபீசர். உங்க ஊருக்கு நீங்க இதைப் படிக்கிற நேரத்துக்குள்ள எலெக்ஷன் முடிஞ்சு புதுத் தலைவர் வந்திருந்தார்னா நல்லது, ஆனா யார்னு ஊராட்சி ஆபீஸ்ல நேரா கேட்டுக்குங்க, டீக்கடையில கேக்காதீங்க.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஒன்றிய ஆபீஸ்ல பி.டி.ஓ. ரெண்டு பேர். ஒருத்தர் வட்டார ஊராட்சி, இன்னொருத்தர் கிராம ஊராட்சி. போர்டுல அடைப்புக்குறிக்குள்ள வ.ஊ., கி.ஊ.-ன்னு குட்டியா போட்டிருப்பாங்க. நமக்கு வேண்டியது கி.ஊ. நான் ஒரு முழு மத்தியானம் வ.ஊ. ரூம் வாசல்ல உக்காந்திருந்தேன்.

5. கையெழுத்து வாங்கறப்ப பாக்க வேண்டியது

தலைவர் அம்மாவா இருந்தா அவங்க கையெழுத்துதான் வேணும். உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு, ஆனா பல ஊர்ல பேச்சுவார்த்தை எல்லாம் வீட்டுக்காரர், சில சமயம் மகன். "நானே போட்டுத் தர்றேன், ஒண்ணுதானே"ன்னுவார். ஒண்ணு இல்ல. கணவர் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்துல மதிப்பு பூஜ்யம், நாளைக்கு யாராவது கேட்டா மாட்டறது உங்க பேப்பர். கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும், "அம்மா கையெழுத்தே வேணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க"ன்னு பழியைத் தூக்கி ஆபீஸ் மேல போட்டுட்டு நில்லுங்க.

வார்டு மெம்பர் நல்லா உதவுவார், ஆனா தனியா அவருக்கு உத்தரவு போடற அதிகாரம் கிடையாது. அவர் அதிகாரம் கூட்டத்துல கை தூக்கறதுல இருக்கு.

ஆபீசர் லீவுல இருந்தா "அவர் வரட்டும்"னு வாரக்கணக்கா காத்திருக்காதீங்க. பொறுப்புன்னு ஒருத்தரைப் போட்டிருப்பாங்க, பக்கத்துக் கிராம வி.ஏ.ஓ. கூடுதல் பொறுப்புல இருப்பார், அவர் போட்டாலும் செல்லும். தலைவருக்கு இப்படி இஷ்டத்துக்கு யாரையும் பொறுப்புப் போட முடியாது, பதவி காலியாச்சுன்னா துணைத்தலைவர் பார்த்துக்குவார், அவ்வளவுதான்.

சீல்ல பேரும் பதவியும் தெளிவா விழுந்திருக்கா, தேதி போட்டிருக்கா பாருங்க. தேதி இல்லாத கையெழுத்துக்காக இன்னொரு நடை நான் நடந்தேன்.

6. ஆதார் அட்ரஸ் மட்டும் ஒரு விதிவிலக்கு

இங்கதான் ரெண்டு வகை ஆளுங்களும் கலக்கறாங்க. ஆதாருக்குன்னு அவங்களே ஒரு சான்று ஃபார்மட் வெச்சிருக்காங்க, அதுல கெசட்டட் ஆபீசரும் போடலாம், தாசில்தாரும் போடலாம், எம்.பி., எம்.எல்.ஏ., நகராட்சிக் கவுன்சிலர், கிராமத்துல ஊராட்சித் தலைவரும் போடலாம். லெட்டர்பேட்ல எழுதினது ஆகவே ஆகாது, அந்த ஃபார்ம்தான் வேணும், நெட்ல இலவசமா கிடைக்கும். ரெண்டு காப்பி பிரிண்ட் எடுத்துக்குங்க, ஒண்ணு எப்படியும் கிறுக்கலாகும்.

போட்டோ ஒட்டி, போட்டோ மேலயும் ஃபார்ம் மேலயும் பாதிப் பாதி படற மாதிரி கையெழுத்தும் சீலும் விழணும். கட்டம் எதையும் காலியா விடாதீங்க, அடிச்சுத் திருத்தாதீங்க. போட்ட தேதியில இருந்து மூணு மாசம்தான் செல்லும். அட்ரஸ் மாத்தக் கட்டணம் நான் குடுத்தப்ப 50 ரூபா, 2025 அக்டோபர்ல இருந்து 75 ஆக்கிட்டாங்க, அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க.

எனக்குக் கடைசியில எம்.எல்.ஏ. ஆபீஸ்லதான் முடிஞ்சுது, நாலு நாள் ஆச்சு. காலையில ஒன்பதுக்குப் போய் பி.ஏ.கிட்ட ஃபார்மும் வீட்டுப் பத்திர ஜெராக்ஸும் குடுத்துட்டு வந்தேன். எம்.எல்.ஏ. கையெழுத்து வருமானச் சான்றுக்கு ஆகாது, ஆதாருக்கு ஆகும், ஏன்னா அந்த லிஸ்ட்ல அவர் பதவி இருக்கு. மொத்த விஷயமும் லிஸ்ட்தான். ஆள் எவ்வளவு பெரியவர்ங்கறது கணக்கே இல்ல.

7. பேப்பர் கட்டும் டைமும்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல எப்பவும் வண்டியிலயே வெச்சிருங்க: கிரையப் பத்திர ஜெராக்ஸ், வில்லங்கச் சான்று, பழைய ஓனர் பேர்ல இருக்கற வீட்டு வரி ரசீது, பட்டா பிரிண்ட், ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஆறு போட்டோ. பழைய வரி ரசீதைப் பத்திரம் முடியறதுக்கு முன்னாடியே வித்தவர்கிட்ட வாங்கிடுங்க, அப்புறம் போன் எடுக்க மாட்டார். வரி பாக்கி இருந்தா பேர் மாத்த மாட்டாங்க, எனக்கு மூணு வருஷப் பாக்கி வந்து நின்னுச்சு, நானே கட்டினேன். வீட்டு வரியை இப்ப ஆன்லைன்ல கட்டலாம், கையில காசு குடுத்தா ரசீது வாங்காம நகராதீங்க.

பட்டாவுக்கு உட்பிரிவு இல்லேன்னா 15 நாள், இருந்தா 30 நாள்னு கணக்கு சொல்லுவாங்க, சர்வேயர் கிடைக்கறதைப் பொறுத்து நீளும். எனக்கு உட்பிரிவு இல்ல, 22 நாள் ஆச்சு. வருமானச் சான்று 9 நாள்ல வந்துச்சு, அது ஒரு வருஷம்தான் செல்லும்ங்கறதால ரொம்ப முன்னாடியே எடுத்து வெச்சுக்காதீங்க, ஸ்காலர்ஷிப் அறிவிப்பு வரட்டும்.

8. வேலை நடக்கலைன்னா யார்கிட்ட சொல்றது

ஆபீசர் மேலன்னா படி இருக்கு, ஏறிட்டே போகலாம். வி.ஏ.ஓ.ன்னா தாசில்தார், அவருக்கு மேல ஆர்.டி.ஓ., கலெக்டர். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்து நம்பர் வாங்கிக்குங்க. 1100-க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம்.

தலைவர் மேலன்னா இந்தப் படி வேலை செய்யாது, பி.டி.ஓ. அவருக்கு பாஸ் இல்ல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கலெக்டர், ஊராட்சிகளோட ஆய்வாளர்ங்கற பதவியும் அவர்கிட்டதான், அந்தப் பேர்ல அட்ரஸ் பண்ணி எழுதுங்க. இன்னொண்ணு கிராம சபை, வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர்ல ஓட்டு இருக்கறவங்கதான் சபையில உறுப்பினர், அதனால வாக்காளர் பட்டியல்ல பேரை மாத்திடுங்க, நான் அதை மறந்துட்டு ஆகஸ்ட் 15 கூட்டத்துல பின்னாடி நின்னு வேடிக்கைதான் பார்த்தேன். உங்க விஷயம் தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சான்னு கூட்டம் கலையறதுக்குள்ள பாருங்க, வாய்ல "சரி பண்ணிடலாம்"னு சொன்னது நாளைக்கு நிக்காது.

ஃபைல் எங்க நிக்குதுன்னே தெரியலைன்னா ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அந்த ஆபீஸோட பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாள்ல பதில் வரணும். தப்பான ஆபீஸுக்கு அனுப்பிட்டாலும் அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு மாத்தி விடணும், சட்டத்துல இருக்கு. ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

யாராவது காசு கேட்டு வேற வழியில்லாம குடுக்க வேண்டி வந்துட்டா 7 நாளுக்குள்ள புகார் குடுங்க. ஊழல் தடுப்புச் சட்டத்தோட 2018 திருத்தத்துக்கு அப்புறம் குடுத்தவர் மேலயும் வழக்கு வரும், கட்டாயத்துல குடுத்தேன்னு தப்பிக்க அந்த ஏழு நாள்தான் டைம்.

அப்புறம், வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டியிருந்தா ஜமாபந்தி (வருஷா வருஷம் நடக்கற வருவாய்க் கணக்குத் தணிக்கை), தாலுகா மீட்டிங்னு எங்கயாவது போயிருப்பார். கிராம உதவியாளர் நம்பரை, ஊர்ல தலையாரின்னு கேட்டாச் சொல்லுவாங்க, முதல் நாளே வாங்கி வெச்சுக்குங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுட்டுக் கிளம்புங்க.